வீடே காரியாலயமானால்: குரோனிங்கன் நகரத்து அன்றாட வாழ்க்கை

'கையில் துட்டு இல்லை' என்று சொல்லும்போது நாம் டச்சு மொழிச் சொல் ஒன்றை வழங்குகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 'டாய்ட்' என்பது ஒல்லாந்தர் வழங்கிய சிறு செப்புக் காசு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பழவேற்காட்டிலும், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்திலும் அவர்கள் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய காலத்தில் அக்காசு நம் கடைவீதிக்கு வந்தது. காசு போயிற்று, சொல் தங்கிவிட்டது. அன்று அவர்கள் பிழைப்பை நாடி நம் கரைக்கு வந்தார்கள். இன்று நம் இளைஞர் சிலர் பிழைப்பை நாடி அவர்கள் நாட்டுக்குச் செல்கின்றனர்.

அவ்வாறு சென்றவர்களுள் என் தமக்கையின் மகனும் ஒருவன். அவனை வேலைக்கு அமர்த்திய நிறுவனம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அவன் குடியிருப்பதோ அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமான தொலைவில் உள்ள குரோனிங்கன் என்னும் நகரத்தில். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை காரியாலயத்துக்குச் சென்று வருவான். மற்ற நாட்களில் அவனுடைய அறைதான் காரியாலயம். கணிப்பொறியும் இணையத் தொடர்புமே அவனுடைய மேஜையும் கோப்பும். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் அவனுடன் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டவற்றையும், அவன் வாயிலாகவும் பிறர் வாயிலாகவும் அறிந்தவற்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். இந்தப் பேச்சைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலோர் சொந்த ஊரை விட்டு வேறொரு மாநிலத்தில் குடியேறியவர்கள். ஆதலால் இதில் வரும் செய்திகள் பல உங்களுக்கு முன்பே பழக்கமானவையாகத் தோன்றக்கூடும்.

நெதர்லாந்து என்ற சொல்லுக்குத் தாழ்ந்த நாடு என்பது பொருள். அந்நாட்டின் வடகிழக்குக் கோடியில், அதே பெயருடைய மாகாணத்தின் தலைநகராகக் குரோனிங்கன் விளங்குகிறது. மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நம் கணக்கில் அது ஒரு மாவட்டத் தலைநகர். அவர்கள் கணக்கில் அது வடபகுதி முழுவதற்கும் சந்தையும், மருத்துவமனையும், கல்விக்கூடமும் ஆகும். 1614-இல் தோன்றிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. நகரில் எங்கு நோக்கினும் மாணவர் கூட்டம்தான். நடுவே குரோட்டே மார்க்ட் என்னும் பெரிய சதுக்கம். அதன் ஓரத்தில் ஏறக்குறைய 97 மீட்டர் உயரமுள்ள மார்ட்டினி கோபுரம். 1945 ஏப்ரலில் கனடியப் படையினர் ஜெர்மானியரிடமிருந்து நகரை மீட்டபோது நிகழ்ந்த போரில் அந்தச் சதுக்கத்தின் இரண்டு பக்கங்கள் இடிந்து விழுந்தன. கோபுரம் தப்பியது.

வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவன் எங்கு வேண்டுமானாலும் வாழலாம் என்று பலரும் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அங்கு சென்ற பிறகே உண்மை விளங்கிற்று. வேலைக்கு இடம் தேவையில்லாமற் போகலாம். ஆனால் அந்நாட்டில் மனிதன் இருப்பதற்கு முதலில் வேண்டுவது ஒரு முகவரி.

இதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். முதலாவதாக, நெதர்லாந்தில் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்று தனியான விசா கிடையாது. சுற்றுலாவுக்காக அளிக்கப்படும் தொண்ணூறு நாள் விசாவுடன் சென்று, அங்கே அறை எடுத்துக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று எண்ணுவது தவறு. அது வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. நம் நாட்டவர் பெரும்பாலும், அரசினர் அங்கீகரித்த ஒரு நிறுவனம் பொறுப்பேற்க, உயர்திறன் பணியாளர் என்ற முறையில் அனுமதி பெற்றே செல்கின்றனர். சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கும் வழி உண்டு. ஆனால் அது கடினமான வழி.

இரண்டாவதாக, நான்கு மாதங்களுக்கு மேல் தங்கக் கருதி வருபவர், வந்த ஐந்து நாட்களுக்குள் நகராட்சியில் தம் பெயரையும் வீட்டு முகவரியையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அச்சான்றிதழில் நம் வெளிவிவகார அமைச்சின் அப்போஸ்டில் முத்திரை இருக்க வேண்டும். இதை ஊரிலேயே முடித்துக்கொள்ளாமல் சென்று அங்கே அல்லற்படுவோர் பலர். பதிவு முடிந்ததும் குடிமக்கள் சேவை எண் என்று ஒன்று கிடைக்கிறது. அந்த எண் இருந்தால்தான் சம்பளம் ஒழுங்காக வரும். மருத்துவக் காப்பீடு எடுக்கலாம். வரிக் கணக்குக் காட்டலாம். அரசாங்கத்துடன் இணைய வழியே தொடர்பு கொள்வதற்குரிய அடையாளமும் பெறலாம். முகவரி இல்லையேல் பதிவு இல்லை. பதிவு இல்லையேல் எண் இல்லை. எண் இல்லையேல் மற்ற எதுவும் இல்லை. ரேஷன் அட்டைக்காக வீட்டுக்காரரிடம் கடிதம் கேட்டு அலைந்தவர்களுக்கு இந்தச் சங்கிலி புதிதாகத் தோன்றாது.

ஆனால் அந்த முகவரி எளிதில் கிடைப்பதன்று. நெதர்லாந்து முழுவதும் வீட்டுப் பஞ்சம் நிலவுகிறது. குரோனிங்கனில் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மாணவர் கூட்டமும் சேர்ந்து வருவதால் நெருக்கடி இன்னும் கடுமையாகும். 2018-இல் வெளிநாட்டு மாணவர் சிலர் தற்காலிகக் கூடாரங்களில் தங்க நேர்ந்தது. இத்தகைய வேளையில் ஏமாற்றுக்காரர்களுக்கும் குறைவில்லை. அறையைக் காட்டாமலே முன்பணம் கேட்பவர்களும், அறையைத் தருகிறேன், ஆனால் அந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்பவர்களும் உண்டு. பதிவுக்கு இடம் தராத அறை, கூரை மட்டும் உள்ள வெற்றிடம் என்றே கொள்ள வேண்டும்.

என் மருமகன் முதல் ஏழு வாரங்களில் மூன்று இடங்கள் மாறினான். இரண்டாவது இடத்தில் இப்படிப்பட்ட நிபந்தனைக்கு உட்பட்டு மாட்டிக்கொண்டான். வீட்டுக்காரர் யார் என்பது இங்கே வேண்டாம். நகராட்சிப் பதிவு தாமதமாயிற்று. சம்பளத்தில் உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்கப்பட்டது. அவனுடைய தாய் ஊரில் உறக்கமின்றித் தவித்தாள். பிறகு நகரின் வடபுறத்தில் ஓர் அறை கிடைத்த பின்னரே நிலைமை சீராயிற்று.

வாடகைக்கு இருப்பவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 2023 ஜூலையிலிருந்து புதிய ஒப்பந்தங்களில் இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வீட்டின் பரப்பு, வசதி முதலியவற்றுக்குப் புள்ளிகள் இட்டு, அதற்கேற்ப வாடகையின் உச்ச வரம்பை நிர்ணயிக்கும் முறை நடுத்தர வாடகை வீடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வாடகை மிகுதி என்று தோன்றினால் முறையிடுவதற்கு வாடகைக் குழு ஒன்றும் இருக்கிறது. வீடு தேடும் நாளில் இவற்றையெல்லாம் கேட்பதற்கு மனத்தில் துணிவு இருக்காது என்பது உண்மை. ஆயினும் அறிந்து வைத்திருப்பது நலம்.

அடுத்தது மருத்துவம். அங்கே குடியேறி வேலை செய்யும் ஒவ்வொருவரும் நான்கு மாதங்களுக்குள் மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். அடிப்படைக் காப்பீட்டை எவருக்கும் நிறுவனங்கள் மறுக்க முடியாது. வயதையோ நோயையோ காரணம் காட்டவும் முடியாது. மாதத்துக்கு 150 யூரோவுக்கு மேல் ஆகிறது. அதற்கு மேலும், வயது வந்தவர் ஆண்டுதோறும் மருத்துவச் செலவில் முதல் 385 யூரோவைத் தாமே ஏற்க வேண்டும். ஆனால் குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கு இந்த வரம்பு பொருந்தாது. குடும்ப மருத்துவர்தான் அந்நாட்டு மருத்துவத்தின் வாயிற்காவலர். அவருடைய கடிதம் இன்றி நிபுணரிடம் செல்ல இயலாது. ஆகவே உடல் நலமாக இருக்கும்போதே வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவரிடம் பெயர் பதிந்து வைக்க வேண்டும். நம்மவருக்கு ஒரு மனக்குறை உண்டு. காய்ச்சல் என்று போனால் ஊசி போடுவதில்லை. மாத்திரையும் அள்ளிக் கொடுப்பதில்லை. ஓய்வெடுங்கள், ஒரு வாரம் கழித்தும் குறையாவிட்டால் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். இது அலட்சியமன்று, அவர்களுடைய வைத்திய முறையே அதுதான்.

இனி வேலையைப் பற்றிப் பார்ப்போம். நெதர்லாந்தில் வேலை செய்வோரில் பாதிப்பேருக்கும் மேற்பட்டோர் வாரத்தில் சில மணி நேரமாவது வீட்டிலிருந்து வேலை செய்கின்றனர். ஐரோப்பாவில் இவ்வழக்கம் மிகுந்த நாடுகளில் அது முன்னணியில் நிற்கிறது. ஆனால் அதைச் சட்டபூர்வமான உரிமை என்று நினைத்துவிடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி, பணியாளர் தாம் வேலை செய்யும் இடத்தை மாற்றித் தருமாறு கேட்கலாம், முதலாளி அதை ஆலோசித்தாக வேண்டும், ஆயினும் மறுக்கலாம். அந்த உரிமையை வலுப்படுத்தும் மசோதா ஒன்று 2022-இல் கீழ்ச்சபையில் நிறைவேறி, 2023 செப்டம்பரில் மேற்சபையில் தோல்வியுற்றது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அரசாங்கச் சுற்றறிக்கைகளைப் படிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. அங்கே நான் கண்ட சுவையான செய்தி ஒன்றைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளுக்கு முதலாளி ஒரு சிறு படியை வரியின்றி அளிக்கலாம் என்று 2022-இல் ஏற்பாடு செய்தார்கள். முதலில் நாளொன்றுக்கு 2 யூரோ. 2025-இல் 2 யூரோ 40 சென்ட். இத்தொகையைக் கண்டுபிடித்த விதம்தான் வியப்பு. பகலில் வீட்டில் இருப்பதால் கூடுதலாகச் செலவாகும் மின்சாரம் எவ்வளவு, சூடேற்றும் செலவு எவ்வளவு, காப்பியும் தேநீரும் எவ்வளவு, கழிப்பறைக் காகிதம் எவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் முடிவு செய்தார்கள்! சிரிப்பாக இருக்கலாம். ஆனால் வீட்டில் நடக்கும் வேலையும் வேலையே, அதன் செலவு ஒருவன் தலையிலேயே விழலாகாது என்ற நியாயம் அதில் அடங்கியிருக்கிறது. வீட்டு மேஜையும் நாற்காலியும் முதுகைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அந்நாட்டில் முதலாளியின் பொறுப்பைச் சேர்ந்ததே.

சூடேற்றும் செலவு என்றேன். குரோனிங்கனில் அதற்குத் தனிப்பட்ட வரலாறு உண்டு. 1959-இல் அம்மாகாணத்து ஸ்லோக்டெரன் என்னும் ஊரில் பூமிக்கடியில் பிரம்மாண்டமான எரிவாயுப் புலம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வாயு நாடு முழுவதையும் சூடாக்கிற்று; அரசாங்கத்தின் கஜானாவையும் நிரப்பிற்று. ஆனால் வாயுவை எடுக்க எடுக்க நிலம் அதிர்ந்தது. 2012-இல் ஹாய்சிங்கே கிராமத்தருகே 3.6 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் விரிந்தன. மக்களின் நீண்ட முறையீட்டுக்குப் பின் 2023 அக்டோபரில் அந்தப் புலத்தில் வாயு எடுப்பது நிறுத்தப்பட்டது; மறு ஆண்டு அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். எரிவாயுவின் மேல் குடியிருந்த மக்களே, 2022-இல் உக்ரேன் போரை அடுத்து விலை ஏறியபோது, மற்றவர்களைப் போலவே அறையின் வெப்பத்தைக் குறைத்துக் கம்பளி போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. காரியாலயத்துக்குப் போகிறவனுக்குப் பகல் முழுதும் சூடு இலவசம். வீட்டில் வேலை செய்பவனுக்கு அது தன் செலவு. வாடகை பேசும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நகரத்தின் மிகப் பெரிய சிறப்பு சைக்கிள்தான். நெதர்லாந்து முழுவதுமே சைக்கிள் நாடாயினும், குரோனிங்கனின் கதை தனியானது. எழுபதுகளில் அந்நகரமும் மோட்டார் கார்களால் நிறைந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அப்போது மாக்ஸ் வான் டென் பெர்க் என்னும் இளைஞர் ஒருவர் நகர நிர்வாகத்தில் பொறுப்பேற்றிருந்தார். 1977 செப்டம்பரில் ஒரு புதிய போக்குவரத்துத் திட்டம் அமலுக்கு வந்தது. நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகச் செல்ல முடியாது. வெளி வட்டச் சாலைக்குத் திரும்பிச் சென்று சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் மட்டும் நேரே போகலாம். வியாபாரம் கெட்டுவிடும் என்று கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைவீதி அழிந்துவிடவில்லை, நான் சென்ற சனிக்கிழமை அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. இன்று நகருக்குள் நடைபெறும் பயணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில்தான் என்கின்றனர்.

சில சந்திகளில் நான்கு திசைகளிலிருந்தும் வரும் சைக்கிள்களுக்கு ஒரே சமயத்தில் பச்சை விளக்கு எரியும். முதன்முதலில் பார்த்தபோது, ஐயோ, மோதிக்கொள்ளப் போகிறார்களே என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, சற்று வேகத்தைக் குறைத்து, நெய்த துணியின் இழைகளைப் போல ஊடுருவிப் போய்விட்டிருந்தார்கள். பேராசிரியரும், பால் போத்தல் வாங்கி வரும் பாட்டியும், குழந்தையை முன்னே உட்கார வைத்த தாயும் ஒரே பாதையில் செல்கின்றனர். புதிதாகச் செல்பவர் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். சாலையில் வலப்பக்கம் செல்ல வேண்டும். இரவில் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும், இல்லையேல் அபராதம். 2019 முதல் சைக்கிளில் செல்லும்போது கைத்தொலைபேசியைக் கையில் பிடித்தாலும் அபராதம்தான். சைக்கிள் திருட்டு மிகுதி. ஆகவே பழைய சைக்கிளும் நல்ல பூட்டுகள் இரண்டும் வாங்குவது அறிவுடைமை.

உணவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மீன் சந்தை எனப் பொருள்படும் விஸ்மார்க்ட் என்னும் திடலில் செவ்வாய், வெள்ளி, சனிக்கிழமைகளில் சந்தை கூடுகிறது. கீரையும், காயும், மீனும், பாலாடைக் கட்டியும் அங்கே குவிந்திருக்கும். அத்திடலின் ஒரு கோடியில் தூண்களுடன் நிற்கும் பழைய தானியச் சந்தைக் கட்டடத்துக்குள் இப்போது மளிகைப் பேரங்காடி நடக்கிறது. அரிசி, பருப்பு, தேங்காய்ப் பால், மிளகாய் முதலியவற்றுக்குத் 'தோக்கோ' என்னும் கடைகளைத் தேடிச் செல்ல வேண்டும். தோக்கோ என்பது இந்தோனேசியாவிலிருந்து வந்த சொல். கடை என்பதே அதன் பொருள். சூரினாம் நாட்டவர் நடத்தும் உணவு விடுதிகளில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கிடைக்கும். 1873-இல் 'லல்லா ரூக்' என்னும் கப்பலில் கல்கத்தாவிலிருந்து தோட்ட வேலைக்குச் சூரினாமுக்குச் சென்ற இந்தியர்களின் வழித்தோன்றல்கள் பலர், 1975-இல் அந்நாடு சுதந்திரம் பெற்றதையொட்டி நெதர்லாந்தில் குடியேறினர். அவர்கள் கடையில் நம் முகத்தைக் கண்டதும் ஒரு கரண்டி கறி கூடுதலாக விழுவதுண்டு. சோடா, தண்ணீர் முதலியவை விற்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் தகரக் குவளைக்கும் முன்பணம் பிடித்துக்கொள்கின்றனர். காலிப் போத்தலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் சிறியதற்கு 15 சென்ட், பெரியதற்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. கற்றுக்கொள்வதற்கு அரியது ஒன்று உண்டு. அது தனிமை.

குரோனிங்கனில் டிசம்பர் மாதத்தில் காலை எட்டே முக்கால் மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. மாலை நான்கே கால் மணிக்குள் மறைந்துவிடுகிறது. அந்தச் சிறு பகற்பொழுதும் பெரும்பாலும் மேகமூட்டம்தான். காரியாலயத்துக்குப் போகிறவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நான்கு மனிதரைக் காண்கிறான். வீட்டிலிருந்து வேலை செய்பவன் எழுந்து, மேஜைக்குச் சென்று, மேஜையிலிருந்து மீண்டும் படுக்கைக்குச் செல்கிறான். திரையில் பத்துப் பேர் பேசுகின்றனர். கூட்டம் முடிந்ததும் பத்து முகங்களும் அணைந்துவிடுகின்றன.

அவன் சென்ற முதல் குளிர்காலத்தில் ஓர் இரவு எனக்குத் தொலைபேசியில் பேசினான். "மாமா, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். நான் மூன்று நாளாக யாரிடமும் நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குக் கடையில் ரசீது வேண்டுமா என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் திறந்தேன், குரல் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. திரும்பி வந்துவிடட்டுமா?" என்று கேட்டான்.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தில்லிக்கு வந்த முதல் டிசம்பரில், கரோல் பாகில் ஒரு மாடி அறையில், இதே நிலையில் நானும் இருந்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றியது காரியாலயம். அங்கே தினமும் போயே தீர வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரர் பேசியே தீருவார். அவனுக்கு அந்தப் பக்கத்து நாற்காலி இல்லை. ஆகவே, "வேலையை விடுவதைப் பற்றி வசந்தத்தில் முடிவு செய்யலாம். நாளைக் காலை வேலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே போய் உட்கார். எங்கே என்பதை நீயே பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் சென்ற இடம் ஃபோரம். குரோட்டே மார்க்ட்டின் பின்புறத்தில், போரில் இடிந்த பகுதியைப் புதுப்பிக்கும் திட்டத்தின் அங்கமாக 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பத்து மாடிக் கட்டடம் அது. நூல் நிலையமும், திரைப்பட அரங்குகளும், கண்காட்சியும், காப்பிக் கடையும் ஒன்றாக அமைந்துள்ளன. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. மின்படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்ல, ஒவ்வொரு தளத்திலும் மேஜை நாற்காலிகள். கூரையின் மேல் ஏறினால் மார்ட்டினி கோபுரம் கைக்கு எட்டுவது போல் நிற்கும். மாணவர் தேர்வுக் காலத்தில் காலையிலேயே சென்றாலன்றி இடம் கிடைக்காது. நகரம் தன் மக்களுக்காகப் போட்டு வைத்த பெரிய திண்ணை என்றே அதைச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் யாருடனும் பேச வேண்டும் என்பதில்லை. ஆனால் நாள்தோறும் ஒரே மேஜைக்கு வருபவர்கள் பத்தாவது நாளில் தலையசைக்கிறார்கள். இருபதாவது நாளில், என் பையைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நட்பு அங்ஙனம்தான் தொடங்குகிறது.

அடுத்து அவன் மொழி கற்கத் தொடங்கினான். குரோனிங்கனில் ஆங்கிலம் அறியாதவரைக் காண்பது அரிது. ஆதலால் டச்சு மொழி எதற்கு என்று பலர் விட்டுவிடுகின்றனர். ஆனால் வேலைக்கு ஆங்கிலம் போதும். பக்கத்து வீட்டுக்கு அது போதாது. நாலு பேர் தங்கள் மொழியில் சிரித்துப் பேசும்போது நம் பொருட்டு ஆங்கிலத்துக்கு மாறினால், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அந்நாட்டு நூல் நிலையங்கள் பலவற்றில் புதியவர்கள் மொழி பழகுவதற்கென்றே சிறு கூட்டங்கள் நடத்துகின்றனர்.

அவன் முதலில் கற்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. குரோனிங்கன் வட்டாரத்தில் ஒருவரை ஒருவர் கண்டால், காலையாயினும் மாலையாயினும், 'மொய்' என்கின்றனர். நம் ஊரில் மொய் என்பது கலியாண வீட்டில் எழுதுவது. இன்று நாம் வைத்தால் நாளை அது நம் வீட்டுக்குத் திரும்பி வரும். அங்கேயும் அப்படித்தான். மாடிப்படியில் கண்ட கிழவருக்கு இவன் தினமும் 'மொய்' வைத்தான். மாசி மாதத்தில் அது திரும்பி வந்தது. அவர் தம் மனைவியின் பிறந்த நாளுக்கு இவனை அழைத்தார்.

பிறந்த நாள் விழா அங்கே ஒரு சடங்கு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்கின்றனர். உள்ளே நுழைபவர் பிறந்த நாள் கொண்டாடுபவரை மட்டுமன்றி, அவருடைய கணவர், மகள், அண்டை வீட்டார் எல்லாரையும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். பிறகு காப்பியும் ஒரு துண்டுக் கேக்கும். எந்த மணிக்கு வர வேண்டும், எந்த மணிக்கு விடைபெற வேண்டும் என்பதெல்லாம் முன்பே குறித்தாயிற்று. 'அஃப்ஸ்ப்ராக்' என்று ஒரு சொல் அவர்களிடம் உண்டு. முன்கூட்டிக் குறித்த சந்திப்பு என்பது பொருள். மருத்துவரிடமும், நகராட்சியிலும், நண்பர் வீட்டிலும் அதுவே திறவுகோல். சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டுவது நம் அன்பு. நாள் குறித்து, அந்த நாளைத் தவறாமல் காப்பது அவர்கள் அன்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் 'ஈரமற்ற மக்கள்' என்று முடிவு கட்டிவிடுவது நியாயமன்று. அந்தக் கிழவர் தம் வீட்டுக் கழிப்பறையில் தொங்கும் பிறந்த நாள் அட்டவணையில் என் மருமகனின் பெயரையும் எழுதிவிட்டாராம். அங்கே பிறந்த நாள் அட்டவணையை மாட்டும் இடம் பெரும்பாலும் அதுதான். பெயர் அதில் ஏறிவிட்டால் ஆண்டுதோறும் நினைவில் இருப்போம்.

நான் சென்ற ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. பழைய கோட்டை அரண்களின் மேல் அமைந்த நோர்டர்பிளான்சூன் பூங்காவில் மக்கள் புல்தரையில் அமர்ந்திருந்தார்கள். என் மருமகன் வேலையை முடித்துவிட்டு வந்து என்னருகே உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் ஐந்து பேர் அவனுக்கு 'மொய்' சொல்லிச் சென்றார்கள். "திரும்பி வருவதைப் பற்றி என்ன முடிவு செய்தாய்?" என்று கேட்டேன். "வருவேன் மாமா. ஆனால் அன்றைக்கு மாதிரி ஓடி வர மாட்டேன்" என்றான்.

இதைப் படிக்கும் நீங்கள் ஆமதாபாத்திலோ, புனேயிலோ, போபாலிலோ இருக்கலாம். உங்கள் பிள்ளையோ, தங்கையோ, நாளை இப்படி ஓர் ஊரில், ஓர் அறையில், திரையின் முன் அமர்ந்து வேலை செய்ய நேரலாம். சம்பளம் என்ன, வாடகை என்ன என்று நாம் கேட்போம், கேட்க வேண்டியதுதான். அவற்றோடு, உன் முகவரி நகராட்சியில் பதிவாகிவிட்டதா, மருத்துவரிடம் பெயர் கொடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். இறுதியாக இன்னொன்றையும் கேளுங்கள்: இன்றைக்கு நேரில் யாருடன் பேசினாய்? அதற்கு உடனே பதில் வந்தால் நிம்மதியாக உறங்கலாம். பதில் வரத் தாமதமானால், தொலைபேசியை வைத்துவிடாமல் சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள்.